மங்களத்துக்குப் பிறகு ஒரு தட்டு

மங்களம் பாடாத பாட்டுக்காரிக்கு மிருதங்கம் வாசித்தவன் நான். சங்கீதம் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அரை மணி நேரம் பாடினாலும் சரி, விடிய விடியப் பாடினாலும் சரி, கடைசியில் மங்களம் பாடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். தாலி கட்டாமல் பந்தி போட்ட கல்யாணம் மாதிரிதான் மங்களம் இல்லாத கச்சேரி. ஆனால் அந்த அம்மாள் பாடமாட்டாள். கடைசிப் பாட்டை முடிப்பாள், தம்புராவைத் தோளில் சாய்த்தபடியே கைகூப்புவாள், அவ்வளவுதான். ஜனங்கள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று உட்கார்ந்திருப்பார்கள். நானும் பிடில்காரரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு வாத்தியங்களை உறைக்குள் போடுவோம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ் கரியில் ஓடியது. ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த நான், அதை யாரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளுவது? தள்ளவில்லை. கண்டக்டர் என்னைத் திட்டினார், நான் அவரைத் திட்டினேன். செஞ்சியில் இறங்கும்போது என் முகம், வேட்டி எல்லாம் கரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று என் வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை.

அந்த அம்மாளிடம் நான் சேர்ந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கனத்த குரல். கீழே இறங்கினால் கேட்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பட்டணத்திலிருந்து கூட அழைப்பு வந்துகொண்டிருந்தது. அவளோ அதையெல்லாம் விட்டுவிட்டு, செஞ்சி பஜாரில் ஒரு வீட்டு மாடியில் எங்களோடு தங்கிக்கொண்டு, சுற்றியிருக்கிற கிராமங்களில் பாடப் போகிறேன் என்றாள். கூப்பிட்டவர் வீட்டு முற்றம், நெல் அடிக்கிற களம், புளியமரத்தடி, எங்கே வேண்டுமானாலும். பத்துப் பேர் வந்தாலும் பாடினாள். இதென்ன தலையெழுத்து என்று எனக்கு வயிறு எரிந்தது.

மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். விளக்கு வைத்துக் கச்சேரி நடத்த யாராலும் முடியாது. அதனால் வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவோம். பங்குனி மாதம். மலைகள் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் அந்தச் சூட்டை ஊருக்குள் தள்ளும். மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி எகிறிவிடும். நான் வார்களைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பேன். அவள் பொறுமையாகக் காத்திருப்பாள். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்காது. திட்டினால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே!

பாட்டு ஆரம்பிக்கும் முன் எல்லா ஊரிலும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "இங்க ரங்கூன்லருந்து நடந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா?" அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து துறைமுகத்து வேலைக்கும் அரிசி மில் வேலைக்கும் பர்மா போனவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தார்கள். யாராவது கை தூக்கினால் முன்னால் வந்து உட்காரச் சொல்வாள். கஷ்டப்பட்டு வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செஞ்சி பஜாரிலேயே ஒரு மளிகைக்காரர் வீட்டில் பாடினோம். அவருடைய பெண்ணுக்கு அன்று காலையில்தான் நிச்சயதார்த்தம். முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். நன்றாகப் பாடினாள், நானும் நன்றாகவே வாசித்தேன். முடிந்ததும் வழக்கம்போலக் கைகூப்பினாள். மளிகைக்காரரின் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது? மங்களம் பாடலியே?"

"பாடறதில்லைங்க."

"பாடறதில்லியா? தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்குது. மங்களம் மட்டும் பாடறதில்லை. மன்னிச்சுக்குங்க."

மளிகைக்காரரின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "தாம்பூலம் மாத்தின வீட்டுல வந்து மங்களம் பாடமாட்டேன்னு சொல்றாளே, இவ வாயில நல்ல வார்த்தையே வராதா? எம் பேத்திக்கு எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" மளிகைக்காரர் நடுவில் வந்து, "ஒரு வரி, பேருக்கு ஒரு வரி பாடிடுங்கம்மா, ஆயி மனசு ஆறிடும்" என்று கெஞ்சினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அசைத்தாள். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டுகிறவரைகூடப் பொறுக்காமல், உட்கார்ந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என் காதுக்கே அந்தத் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது.

மாடிக்கு வந்ததும் பிடில்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் அவளோடு பல வருஷமாக இருப்பவர். மூக்குப்பொடி போடுகிற மனிதர், எதைக் கேட்டாலும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அன்றைக்கும் போட்டுக்கொண்டார்.

"உனக்கு முன்னால அந்த இடத்துல உக்காந்தவன் யாருன்னு தெரியுமா?"

"யாரோ ஒருத்தன். எனக்கென்ன?"

"அவ தம்பி. கூடப் பொறந்தவன். ரங்கூன்ல ஒரு கோயில் உற்சவத்துக்கு வாசிக்கப் போனான். அங்க நாலு பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறேன்னு நின்னுட்டான். அப்புறம் குண்டு விழுந்துச்சு. செத்தானா இருக்கானான்னு ஒரு சேதியும் இல்ல. நடந்து கிளம்பினான்னு மட்டும் யாரோ சொன்னாங்க. அன்னிலருந்து மங்களம் பாடறதில்ல. அவன் வந்து வாசிச்சாத்தான் பாடுவாளாம். பாட்டை முடிக்காம வெச்சிருந்தா அவனும் முடியமாட்டான்னு ஒரு நெனப்பு."

இந்தப் பட்டிக்காட்டுக் கச்சேரியெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கிற்று. அவள் பாட வரவில்லை. ஊர் ஊராகத் தம்பியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறாள். பாட்டு அதற்கு ஒரு சாக்கு.

பிடில்காரர் சிரித்தார். "நல்ல கை அவனுக்கு. ஆனா ஒரு கெட்ட பழக்கம். மங்களம் முடிஞ்சி எல்லாரும் கையை எடுத்த பெறவு, தனியா ஒரு தட்டு தட்டுவான். தாளத்துல சேராத தட்டு. அவன் குருநாதர் காதைத் திருகிப் பாத்தாரு, போகலை." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்கிட்ட அந்தப் பழக்கம் இல்ல. பழக்கமும் இல்ல, அந்தக் கையும் இல்ல" என்றார். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்தவக் குடியானவர் வீட்டில் பாடப் போனோம். செஞ்சியிலிருந்து மாட்டு வண்டியில் போக வேண்டும். அவர்களுடைய பிள்ளை ரங்கூனிலிருந்து திரும்பி வந்திருந்தான் என்று கேள்விப்பட்டு அவளே வலியச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்ததும் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஐயா, ஏசுநாதர் பாடுபட்ட தபசு காலமுங்க. பாஸ்குத் திருநாள் வரைக்கும் மேளம் தட்டக்கூடாதுங்க. பாட்டு மட்டும் பாடட்டும்."

"இது மேளமா? மிருதங்கம்!"

"தட்டறதெல்லாம் மேளந்தானுங்களே" என்றார் அவர், ரொம்பப் பணிவாக.

வேறு சமயமாக இருந்தால் அங்கேயே ஒரு ரகளை செய்திருப்பேன். அன்றைக்கு மிருதங்கத்தை உறைக்குள் போட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன். அவள் மெதுவாக, தாளம் தெரியாதபடி, நீள நீளமாக இழுத்துப் பாடினாள். நான் முதல் முறையாக அவள் பாட்டைக் கேட்டேன். வாசிக்கிறவனுக்குக் காது முழுவதும் கணக்கில் இருக்கும், பாட்டில் இருக்காது. அந்தக் குரல் யாரையோ தேடிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. சீக்கிரம் வந்து தொலையேண்டா என்று முகம் தெரியாத அந்தத் தம்பியை மனதுக்குள் திட்டினேன். அவன் வந்தால் என் இடம் போய்விடும். போகட்டும் என்றுதான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் அந்த வீட்டுப் பிள்ளையிடம் தம்பியின் பெயர், நிறம், உயரம் எல்லாம் சொல்லிக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "நான் கப்பல்ல வந்துட்டன்மா. நடந்து வந்தவங்க சேதி எனக்குத் தெரியாது." அவன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள வந்தான்ல, உன் தம்பியும் வந்துருவான், அழாத" என்றார். அவள் அழவில்லை. அந்தப் பையனின் அம்மாதான் அழுதுகொண்டிருந்தார்.

திரும்பும்போது வண்டியில் நான் பேசாமல் வந்தேன்.

"கோவமா, மிருதங்கக்காரரே?" என்று கேட்டாள். என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளைவிட நான் சின்னவன். தம்பி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"எனக்கென்ன கோவம்? இன்னிக்கு நல்லா ஓய்வு" என்றேன். பிறகு, என்ன தோன்றியதோ, "அந்தக் கடைசித் தட்டு என்னது? பிடில்காரர் சொன்னார்" என்று கேட்டுவிட்டேன். வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த பிடில்காரர் திரும்பி என்னை முறைத்தார்.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "சின்னப்பவே எங்கம்மா போயிட்டாங்க. சமையல், பாட்டு ரெண்டும் நாந்தான். சாயங்காலம் சாதகம் பண்ண உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். இவன் சோத்துச் சட்டியைக் கவுத்துப் போட்டுத் தாளம் தட்டுவான். மங்களம் பாடி முடிச்சதும் சட்டியில ஒரே ஒரு தட்டு. அதுக்கு அர்த்தம், 'அக்கா, பசிக்குது, எழுந்திரு.' பெரிய வித்வான் ஆன பெறவும் அதை விடலை. சபையில ராஜா மாதிரி உக்காந்திருப்பான். கடைசியில அந்தத் தட்டு. எனக்கு மட்டும் தெரியும். சிரிப்பை அடக்கிக்கிட்டு எழுந்திருப்பேன்."

கச்சேரி முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். வண்டி தாமதமாகிறதே என்று முணுமுணுத்திருக்கிறேன்.

கடைசியாக மேல்சித்தாமூர் போனோம். அங்கே ஒரு சமணக் குடும்பத்தார் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவரை நயினார் என்று ஊரில் மரியாதையாகச் சொல்வார்கள். நிலமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரமும் உள்ளவர். இருட்டின பிறகு அவர்கள் சாப்பிடமாட்டார்கள். ஆகவே போனவுடனேயே நயினார், "பொழுது இறங்கறதுக்குள்ள பாடி முடிச்சி, எல்லாரும் ஒண்ணா சாப்டுடணும். எங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டார். வீட்டை ஒட்டிய களத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் மல்லாட்டைக் குவியல். களத்து வேலைக்கு வந்த ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்து உட்காரும்படி அவர்களை யாரும் சொல்லவில்லை; அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

அவள் தன் கேள்வியைக் கேட்டாள். தம்பியின் பெயரையும் சொன்னாள். யாரும் கை தூக்கவில்லை. நயினார் மட்டும், "எங்க களத்தாளு ஒருத்தன் பர்மாலருந்து நடந்து வந்தவன்தான். ஏய், உனக்குத் தெரியுமாடா?" என்று வேலிப் பக்கம் பார்த்துக் கேட்டார். ஒட்டின கன்னத்தோடு ஒருவர் எழுந்து நின்று, "அந்தப் பேர்ல யாரையும் தெரியாதுங்க" என்றார். அவள் தலையசைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

பாடி முடித்துக் கைகூப்பினாள். நயினார் வீட்டார் மங்களம் இல்லாததைக் கவனித்தார்களோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார்கள். பிடில்காரர் பெட்டியை மூடினார். நான் உறையை எடுக்கத் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அதே மனிதர், கூழ் கொண்டுவந்த காலித் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சாமி, முடிஞ்சிருச்சா? கடைசியில ஒண்ணு பாடுவாங்களே, அது பாடலியே."

எனக்குச் சுருக்கென்றது. மளிகைக்காரர் வீட்டில் கேட்டது போதாதா, இவருமா? "எதைய்யா சொல்றே?" என்று கேட்டேன்.

"பேரு வாயில வரல சாமி. இப்டிப் போவும்."

தூக்கைக் கவிழ்த்து இடுப்பில் அணைத்துக்கொண்டு தட்டிக் காட்டினார். பழகாத கைதான். ஆனால் கணக்கு பிசகவில்லை. மங்களத்துக்கு வாசிக்கிற தாளம், முடிக்கிற அடுக்கு, எல்லாம் இருந்தது. முடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு தனியாக ஒரு தட்டு தட்டினார்.

பிடில்காரரின் கையிலிருந்து பொடி மட்டை விழுந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. அவளே எழுந்திருக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டாள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிலம்மா. நடந்து வரப்ப எங்க கூட்டத்துல ஒருத்தர் வந்தாரு. பேரெல்லாம் யாரு கேட்டா? மேளக்கார அண்ணன்னு கூப்புடுவோம். நடக்க முடியாது, பேதி, சோறும் கெடைக்கல. ஆனா பொழுது சாஞ்சா எங்க இருந்தாலும் உக்காந்துக்குவாரு. பால் டப்பாவக் கவுத்துப் போட்டுக்கினு இதத் தட்டுவாரு. 'எங்கக்கா இந்நேரம் மங்களம் பாடும், நான் இல்லாம தாளம் வுட்டுப்பூடும்'னுவாரு. கடைசியில அந்த ஒரு தட்டு. இன்னாண்ணே அதுன்னு கேட்டா சிரிப்பாரு. சொல்லமாட்டாரு."

"தினமுமா?"

"தெனமும்மா. அதக் கேட்டாத்தான் எங்களுக்கு அன்னிக்கி நடக்கறது முடிஞ்சிதுன்னு அர்த்தம். பெறவுதான் படுப்போம்."

"அப்புறம்?"

அவர் தூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு நாளு பொழுது சாஞ்சுது. சத்தம் வரல. போயிப் பாத்தோம். எங்களால ஆனத செஞ்சோம்மா. மண்ணு தள்ளி மூடிட்டுத்தான் வந்தோம். அப்டியே போட்டுட்டு வரல" என்றார்.

பிடில்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அழுவாள், விழுவாள் என்று நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஜமக்காளத்தின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"பாவி" என்றாள். "நான் பாடுறேன்னு நெனச்சி அவன் தினமும் தட்டியிருக்கான். நான் பாடவே இல்லியே. அவன் தாளம் போட்டுக்கிட்டு இருந்தப்ப நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேனே."

உள்ளேயிருந்து நயினாரின் மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டவர், எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வெயில் களத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் தம்புராவை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"வாசி, தம்பி" என்றாள்.

நான் மிருதங்கத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டேன்; பிடில்காரர் மூடிய பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்தார். அவள் மங்களம் பாடினாள். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. பிடில்காரர் அந்த வரியைத் தான் வாங்கிக்கொண்டு, அவள் வருகிறவரை இழுத்துப் பிடித்தார். அவள் வந்து சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு உடையவில்லை. அவளோடு நான் வாசித்த முதல் மங்களம் அது. கணக்காக முடித்துக் கையை எடுத்தேன். அந்தத் தட்டைத் தட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அது என்னுடையது இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தகரத் தூக்கில், தனியாக ஒரு தட்டு கேட்டது. அந்த மனிதர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த மங்களம் அப்படித்தான் முடியும்.

அவள் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். தம்புராவை என் கையில் கொடுத்தாள். எழுந்து நின்றாள்.

"பசிக்குதுங்கிறான்" என்றாள் நயினாரின் மனைவியிடம். "சோறு போடுங்க."

அந்த மனிதருக்கு வேலிக்கு வெளியேதான் இலை போட்டார்கள். அந்தக் காலம் அப்படி. அவள் தன் இலையையும் அங்கேயே போடச் சொன்னாள். நயினார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் மனைவி அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். அவள் வேலியைத் தாண்டிப் போய் அந்த மனிதருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க மொதல்ல சாப்பிடுங்கண்ணே" என்றாள். அவர் இரண்டு வாய் எடுக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானும் சோற்றைப் பிசைந்தாள். பொழுது இறங்குவதற்குள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள்.